மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

2019 மே 7 ராத்திரி, திருவாரூர் வீட்டுச் சாமி அறையில் நின்று ஒரு வேண்டுதல் வைத்தேன். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றிருந்தது என் அணியான லிவர்பூல். கோல் போடுகிற சலாவுக்கும் ஃபிர்மினோவுக்கும் காயம். நம் நேரத்துக்கு நள்ளிரவு 12:30க்கு, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டாவது ஆட்டம். "இதில் மட்டும் கரையேற்றிவிடு, ஆன்ஃபீல்டுக்கு நேரில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். யாரிடம் சொன்னேன், படத்திலிருந்த தியாகராஜரிடமா, லிவர்பூல் மேனேஜர் யுர்கன் க்ளாப்பிடமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

4-0. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-3 என்று லிவர்பூல் கரையேறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் அம்மா எழுந்து வந்துவிட்டார். திரையில் க்ளாப் வீரர்களோடு கைகோத்து, ரசிகர்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "யாருடா இது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாரு?" மேனேஜர் என்றேன். வேண்டுதலையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து படத்துக்குப் பின்னால் வைத்தார். "உடனே போக முடியாட்டாலும், மறக்கலேன்னு அதுக்குத் தெரியணும்."

அப்புறம் கொரோனா, வீட்டுக் கடன், ஒருமுறை விசா நிராகரிப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது சாமி மலையேறிவிட்டது. 2024 மே 19 அன்று வுல்வ்ஸ் அணியுடன் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு க்ளாப் விடைபெற்றிருந்தார். சரி, மூலவர் இல்லாவிட்டாலும் ஸ்தலம் இருக்கிறதே என்று, அலுவலக வேலையாக மான்செஸ்டர் போனவன் ஒரு வெள்ளிக்கிழமை லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கினேன்.

பஸ் இருக்கிறது. இருந்தாலும் நடந்தே போனேன். ஊருக்கு வடக்கே மேட்டில் ஏறுகிற பாதை. இரு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். ஒரு முனை திரும்பினால், கூரைகளுக்கு மேலே திடீரென்று மைதானம் எழுந்து நிற்கிறது. எங்கள் ஊரில் கீழ வீதி வீடுகளுக்கு மேலே கோபுரம் தெரிகிற மாதிரியே. வீடுகளின் பக்கச் சுவர்களில் வீரர்கள், பயிற்சியாளர்களின் பெரிய ஓவியங்கள். க்ளாப்பும் ஒரு சுவரில் இருக்கிறார். தொப்பி, தாடி, அதே பல்.

முதல் தரிசனம் லிவர்பூலின் பழைய மேனேஜர் பில் ஷாங்க்லி சிலை. இரண்டு கைகளையும் விரித்து, கழுத்தில் ஸ்கார்ஃபோடு, கூட்டத்தைப் பார்த்து நிற்கிற வெண்கலம். பீடத்தில் எழுதியிருப்பது ஒரே வரி: 'மக்களை மகிழ்வித்தார்'. வென்ற கோப்பைகளின் பட்டியல் அந்த வரியில் இல்லை. ஸ்காட்லாந்தில் க்ளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்து, சிறுவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1974இல் அவர் விலகுவதற்குள் மூன்று லீக் பட்டங்கள்.

ஆனால் ஊர் அவரைக் கும்பிடுவது அதற்காக மட்டும் இல்லை. ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டரில் தட்டிப் பதில் போடுவார். 1973இல் பட்டம் வென்று மைதானத்தைச் சுற்றி வரும்போது யாரோ ஒரு ரசிகர் எறிந்த ஸ்கார்ஃப் அவர் அருகே விழுந்தது. ஒரு போலீஸ்காரர் அதை ஒதுக்கித் தள்ளினார். ஷாங்க்லி அவரைக் கண்டித்து, குனிந்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அது ஒருவருடைய உயிராக இருக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சிலையின் கழுத்தில் இருக்கும் ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்த்தேன். குளிரில் விரல் சில்லிட்டது.

எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு இங்கே விறன்மிண்ட நாயனார் ஞாபகம் வராமல் இருக்காது. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காமல் சுந்தரர் நேரே சாமியிடம் போனார். அடியாரை மதிக்காதவன் நமக்குப் புறம்பு என்று சீறினார் விறன்மிண்டர், அவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்றார். அதற்குப் பிறகுதான் சுந்தரர் ஒவ்வோர் அடியாராகப் பேர் சொல்லி, அவர்களுக்கு நான் அடியேன் என்று பாடினார். ஷாங்க்லிக்கு அதை யாரும் சீறிச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு, கோலுக்குப் பின்னால் இருக்கும் 'காப்' என்ற பார்வையாளர் மேடையில் ரசிகர்களோடு ரசிகராக நின்று ஆட்டம் பார்த்திருக்கிறார். 1981இல் இறந்தபோது அவருடைய சாம்பலை அந்தக் காப் பக்கத்துப் புல்வெளியில்தான் தூவினார்கள்.

காப் என்றால் குன்று. தென்னாப்பிரிக்காவில் ஸ்பியன் காப் குன்றில் 1900 ஜனவரியில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், லிவர்பூல் அப்போது அடங்கியிருந்த லங்காஷயரின் படைப்பிரிவுகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. 1906இல் இங்கே கட்டிய மண்மேட்டு மேடைக்கு அந்தக் குன்றின் பெயரையே வைத்தார்கள். அதே குன்றில் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்தது காந்தி சேர்ந்திருந்த இந்திய ஆம்புலன்ஸ் படை. அதில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழரும் தெலுங்கரும்தானே அதிகம். நம்மவர் தோளும் அந்தக் குன்றில் பட்டிருக்கும் என்று நினைத்தபோது, காலியாக இருந்த அந்தச் சிவப்பு இருக்கைகளை வேறு மாதிரி பார்த்தேன்.

மைதானச் சுற்றுலாவில் உடைமாற்றும் அறை காட்டினார்கள், பத்திரிகையாளர் அறை காட்டினார்கள். எல்லோரும் காத்திருந்தது ஆடுகளத்துக்கு இறங்கும் வழியில் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் பலகைக்கு. 'இது ஆன்ஃபீல்ட்'. ஷாங்க்லி காலத்தில் வைத்தது. வீரர்கள் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் அதைத் தொட்டுவிட்டு இறங்குவது வழக்கம். க்ளாப் வந்ததும், எதையாவது ஜெயிக்கும்வரை அதைத் தொடக் கூடாது என்று தன் வீரர்களுக்குச் சொல்லிவிட்டார். ஒரு ஜெர்மன்காரருக்கு இந்த இடத்தின் ஆசாரம் பிடிபட்டது அப்படித்தான். எனக்கு முன்னால் போனவர் எம்பித் தொட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் தொடவில்லை. நான் எதை ஜெயித்தேன்?

2015 அக்டோபரில் வந்தபோது, சந்தேகப்படுகிறவர்கள் நம்புகிறவர்களாக மாற வேண்டும் என்றார் க்ளாப். அதே டிசம்பரில் வெஸ்ட் பிராம் அணியோடு கடைசி நிமிடங்களில் 2-2 சமன். வீரர்களைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காப்புக்கு முன்னால் நிறுத்தினார். சமனுக்கு இவ்வளவு கூத்தா என்று மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான் கொஞ்சம் நெளிந்தேன். தோற்கவிடாமல் கத்திக்கொண்டே இருந்தவர்களுக்கு அது நன்றி என்று பிறகுதான் உறைத்தது. துறைமுகத் தொழிலாளிகளின் ஊர் இது. தான் இடதுசாரி, வலதுசாரிக்கு ஒருபோதும் ஓட்டுப் போட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன மேனேஜரை ஊர் தன் பிள்ளையாக்கிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. முப்பது வருடம் கழித்து 2020இல் வந்த லீக் பட்டம் கூடுதல் பிரசாதம். விடைபெற்ற பிறகு அவர் ரெட் புல் என்ற பான நிறுவனத்தின் கால்பந்துப் பொறுப்புக்குப் போனது எனக்கு உறுத்தல்தான். மூலவரைக் குறை சொல்லக் கூடாது, விடுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை ஆட்டம். என்னிடம் டிக்கெட் இல்லை. மஞ்சள் முடிச்சை எங்கே செலுத்துவது என்று தேடினேன். மைதானத்துக்கு வெளியே பசித்தவர்களுக்காக உணவுப்பொருள் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் லிவர்பூல் ரசிகர்களும், அதே ஊரின் எதிர் அணியான எவர்ட்டனின் ரசிகர்களும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு. என் பையை வாங்கிக்கொண்ட பெரியம்மா போட்டிருந்தது எவர்ட்டனின் நீல ஸ்கார்ஃப்! அரிசி, டின் பீன்ஸ், தேயிலை என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். இந்திய ஒரு ரூபாய் அங்கே யாருக்கும் சோறு போடாது என்பதால் முடிச்சை அவிழ்த்து நாணயத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஷாங்க்லி பெயரிலுள்ள இரும்பு கேட்டுக்கு வந்து, ஆளாளுக்குக் கட்டிவிட்டுப் போயிருந்த சிவப்பு ஸ்கார்ஃப்களுக்கு நடுவே மஞ்சள் துணியை மட்டும் கட்டினேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. 1963லிருந்து இவர்களுடைய பாட்டு. அதன் முதன்மை வரியைத்தான் அந்த கேட்டின் மேலேயும் இரும்பில் வார்த்திருக்கிறார்கள், தனியாக நடக்க மாட்டாய் என்று. சுவருக்கு இந்தப் பக்கம் என்னைப் போல் டிக்கெட் இல்லாத நாலைந்து பேரும் பாடினார்கள். தேர் நிலைக்கு வரும்போது 'ஆரூரா' என்று எழும் சத்தம் போலத்தான், அடிவயிற்றில் இறங்கியது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காசை என்னடா பண்ணினே?"

"பாக்கெட்லயே இருக்கும்மா. அங்க செல்லாது. அரிசியா வாங்கிக் குடுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சுந்தரர் விருத்தாசலத்து ஆத்துல போட்ட பொன்னை இங்க கமலாலயக் குளத்துல எடுக்கலையா? பத்திரமாக் கொண்டு வா. கரையில மாற்றுரைத்த பிள்ளையார் உண்டியல்ல போட்டுடலாம்."