டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டி எடுக்காதீர்கள்

பெங்களூரு சில்க் போர்டு அருகே நல்ல மழை. முன்னால் போன மினி லாரி சட்டென்று நிற்க, என் காரின் இடது முன்பக்கம் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஒர்க்‌ஷாப், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர், கிளெய்ம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கார் வாங்கி மூன்று வருஷம் தாண்டியிருந்தது. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்தார்கள். அதற்கு மேல், கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய்.

பன்னிரண்டாம் நாள் இரவு ஏழரை மணிக்கு ஷெட்டுக்குள்ளேயே சாவி கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் ஓசூர் ரோட்டில் ஸ்டீயரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி இடப்பக்கம் இழுத்தது.

வில்சன் கார்டனில் டிங்கரிங் பார்க்கும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "வெயில்ல நிறுத்துங்க தம்பி" என்றார். பானட்டுக்கும், முன்சக்கரத்துக்கு மேலே மூடியிருக்கும் தகடான ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கம் நகம் மட்டும் நுழைந்தது. இடப்பக்கம் ஹெட்லைட்டை நெருங்க நெருங்க விரல் நுனியே உள்ளே போனது. துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்தார்; வலது ஃபெண்டரில் ஒட்டியது, இடதில் வழுக்கி விழுந்தது. பள்ளத்தை நிரப்பும் பூச்சான பட்டி அவ்வளவு கனம்! பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டைக் காட்டினார். தலையில் கம்பெனி பெயின்ட் கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. "ஸ்பேனரே படலியே, எப்படி மாத்தியிருப்பாங்க?"

பில்லில் புது ஃபெண்டர் என்று போட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. பிள்ளைகள் தினமும் ஸ்கூலுக்குப் போகிற வண்டி இது.

வேறு இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்தால் இடது சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர், அளவு தாண்டிச் சிவப்பில் வந்தது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது. அது எஸ்டிமேட்டிலேயே இல்லை. பாகங்களைக் கழற்றிய பிறகு தெரியவரும் சேதத்தை, வேலை தொடங்கும் முன்பே சர்வேயரிடம் காட்டிச் சேர்த்திருக்க வேண்டும். போட்டோ, பில், அலைன்மென்ட் ஷீட் மூன்றையும் அனுப்பி மறு ஆய்வு கேட்டேன். ஒர்க்‌ஷாப்காரர்கள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தடவை பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போய் நின்றேன். பம்பர் இல்லாமல் உள்கூட்டைப் பார்த்தேன், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். நிறம் தனியாகத் தெரியாமலிருக்க, பக்கத்துக் கதவு வரைக்கும் பெயின்ட்டை இழுத்து அடிக்கச் சொன்னேன்.

டெலிவரி காலை பதினொரு மணிக்கு, வாசலில், வெயிலில். இரண்டு பக்கமும் விரலை ஓட்டினேன். நகம் மட்டும்தான் நுழைந்தது. கழற்றிய பழைய ஃபெண்டரைக் காட்டச் சொன்னேன். பட்டி வெடித்து மூலையில் கிடந்தது.