ஒத்துப் பார்க்கவில்லை

"ஒத்துப் பார்க்காம விட்டா, இது சரியா வந்திருக்குன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

அந்த மாணவி கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. "அடுத்த வாரம் வைவா இருக்கும்மா" என்றேன். கேட்டதற்கு அது பதிலே இல்லை.

பென்னாகரம் பக்கத்துப் பெண். கையில் இருந்தது பிளஸ் டூவில் கிடைத்த கவர்மென்ட் லேப்டாப், நாலு ஜிபி ராம். நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர்; ஜிசிசி அப்படி ஒன்று. அதை சோர்ஸிலிருந்து, அதாவது எழுதப்பட்ட மூல வரிகளிலிருந்து கட்டி, அதன் சி கம்பைலரில் புதிதாக ஒரு எச்சரிக்கையைச் சேர்ப்பதுதான் ப்ராஜெக்ட். கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளையில் ஒரே நேரத்தில் நாலு வேலையை ஓடவிட்டாள். ராம் போதாமல், சிஸ்டத்தின் மையமான கெர்னலே கம்பைலரை நிறுத்தியது; திரையில் 'கில்டு' என்று வந்தது. ராமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் ஸ்வாப்பைக் கூட்டி, ஒவ்வொரு வேலையாக ஓடவிட்டோம். ராத்திரி கரண்ட் போனது. பேட்டரி பழசு.

ஜிசிசி வழக்கமாகத் தன்னை மூன்று கட்டமாக, மூன்று முறை கட்டும். சிஸ்டத்தில் உள்ள கம்பைலர் முதலாவதைக் கட்டும், அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. கடைசி இரண்டின் ஆப்ஜெக்ட் கோப்புகளும் (சோர்ஸை மாற்றியதும் கிடைக்கும் மெஷின் கோப்புகள்) ஒத்துப்போக வேண்டும். நேரம் இல்லாததால், இந்த மூன்று கட்டத்தைத் தவிர்க்கும் 'டிஸேபிள் பூட்ஸ்ட்ராப்' என்ற ஆப்ஷனைப் போடச் சொன்னேன். ஒரு முறை கட்டினால் போதும்.

அதில் தப்பில்லை. ஜிசிசியே தருகிற வசதிதான் அது. ஒத்துப்போனாலும் கம்பைலர் பிழையற்றது என்று ஆகிவிடாது. கம்பைலருக்குள் ஒளித்த திருட்டு வேலை தலைமுறை தலைமுறையாகத் தொடர முடியும் என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-லேயே காட்டிவிட்டார். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கை வைத்தது கம்பைலருக்குள்ளேயே. அந்தக் கம்பைலர் தன்னுடைய பல லட்சம் வரி சோர்ஸையே கட்டிக் காட்டுவதைவிட அவளுக்கு நல்ல பரிசோதனை எது? அதைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

அதுகூடப் பரவாயில்லை. ப்ராஜெக்ட் ரெக்கார்டில் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் ஒத்துப் பார்க்கப்படவில்லை.' அதை எடுக்கச் சொன்னேன். வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் அதைப் பிடித்துக்கொண்டு மார்க்கைக் குறைத்துவிடுவார் என்று பயம். அவளுக்காகத்தான் பயந்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட கைடு நான்தானே, அதையும் நினைக்கிறேன். அவள் எதுவும் பேசாமல் அந்தப் பக்கத்தை மாற்றி எடுத்து வந்தாள். எக்ஸ்டர்னல் கட்டங்களைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

போன மாதம் அவள் மாற்றிய சோர்ஸை என் புது லேப்டாப்பில் போட்டு, மூன்று கட்டமும் ஓடவிட்டேன். ஒத்துப்போனது. இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் அவளுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சந்தோஷம் சார்" என்றாள். "ஆனா ரெக்கார்டுல அந்த வரி இல்லையே சார்."