ஃபிளாஸ்க்கும் ஸ்டிக்கரும்

நவம்பர் 30, 2024, சனி, பெர்லின்

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பத்து வருடம் ரியாத்தில் நர்ஸாக நைட் டியூட்டி பார்த்தவளுக்கு இருட்டு புதிதில்லை. ஆனால் அங்கே இருட்டினால்தான் ஊர் எழுந்திருக்கும். பகல் வெயிலில் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு கடைகளில் கூட்டம் நெரியும். சாலையோரப் புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கஹ்வா என்னும் அரபுக் காபி நிறைந்த ஃபிளாஸ்க், கைப்பிடியில்லாத குட்டிக் கோப்பைகள், பேரீச்சம்பழத் தட்டு. ராத்திரி ஒரு மணிக்கு மூன்று வயதுக் குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும். போய்த் தூங்கு என்று யாரும் அதட்ட மாட்டார்கள்.

இங்கே பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று வீட்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இதே ஊரில்தான் விடிய விடிய ஆடும் கிளப்புகளும் இருக்கின்றன.

டிசம்பர் 2, திங்கள்

ரியாத்திலிருந்து அக்கா போன் செய்தாள். நேற்று மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டதாம். "வெள்ளிக்கிழமை பத்தா கடைத்தெருவுக்குப் போக ஹாஸ்டல் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தோம், மக்ளே!" என்றாள். நாங்கள் ஒரே வார்டில் இருந்தவர்கள். அவள் குரலைக் கேட்டதும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

2014-இல் நான் போனபோது அங்கே சினிமா தியேட்டரே கிடையாது. படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 25 கிலோமீட்டர் கடல் பாலத்தைத் தாண்டி பஹ்ரைனுக்குப் போனார்கள். ஹோட்டலில் தனி ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பத்துக்கு ஒரு வாசல். 2018 ஏப்ரல் 18-இல் ரியாத்தில் முதல் தியேட்டர் திறந்தது. அடுத்த வருடமே ரியாத் சீசன் என்ற கேளிக்கைத் திருவிழா வந்தது. அந்த டிசம்பரில் இரண்டு வாசல் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். அந்தத் திருவிழா நடக்கும் புலிவார்ட் சிட்டியில் அத்தனை விளக்குக்கும் பாட்டுக்கும் நடுவே பாட்டிகள் சக்கர நாற்காலியில் வந்திருந்ததை நானே பார்த்தேன். ஒரு சொட்டு மது இல்லாமல் ஒரு ஊரே இரவெல்லாம் சந்தோஷமாக இருக்க முடியும் என்று இங்கே சொன்னால் சக நர்ஸ்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று சக நர்ஸ்கள் என்னை ஒரு கிளப்புக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் ஒருவர் என் போனை வாங்கி, கேமரா கண்ணின் மேல் சின்னதாக ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, விரலால் அழுத்தித் தந்தார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. புலிவார்டில் எல்லோர் கையிலும் போன் உயர்ந்தே இருக்கும். இங்கே ஒருவர் கையிலும் இல்லை. இருட்டில் நெஞ்செலும்பு அதிர்கிற தாளம். நான் தண்ணீர்தான் குடித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மேற்கு பெர்லினில் மதுக்கூடங்களை இரவில் இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற விதியை 1949-லேயே எடுத்துவிட்டார்கள். 1989-இல் சுவர் விழுந்தபோது கிழக்கில் நிறையக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில்தான் டெக்னோ என்னும் மின்னணு நடன இசை வளர்ந்தது. 1991-இல் ட்ரெசோர் கிளப் திறந்தது ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பெட்டக அறையில்.

மூன்றரைக்குத் தனியாகவே திரும்பினேன். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது. பயமே இல்லை. ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வார்ஷவர் தெருவில் ஒரு கிழவி காலி பியர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு 8 சென்ட். அவர் குப்பைத் தொட்டிக்குள் கைவிட வேண்டாமே என்று இளைஞர்கள் பாட்டிலைத் தொட்டியின் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த இரவு முழுக்க நான் பார்த்த ஒரே வயதானவர் அவர்தான். குழந்தை ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 1, 2025, புதன்

புத்தாண்டு இரவு டியூட்டி. பட்டாசில் கை சுட்டு வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டே விடிந்தது. ஆற்றங்கரையில் 22 வருடம் நடந்த வாட்டர்கேட் கிளப்புக்கு இதுவே கடைசிக் கொண்டாட்டம். வாடகை ஏறிக்கொண்டே போனால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

காலையில் அக்காவிடம் பேசினேன். அப்புறம் டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்து மைதானத்தில் பாய் விரித்து உட்காரலாமா என்று சக நர்ஸிடம் கேட்டேன். உட்காரலாம், ஆனால் இருட்டினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்றாள்.

ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்குமாம். பத்தாவில் ஒரு கஹ்வா ஃபிளாஸ்க் வாங்கி வைக்க அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.