திங்கட்கிழமை வரை

நவம்பர் 27, 2023, திங்கள்

நெஞ்சு சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 18. அதுவும் திங்கள்தான். இன்னும் மூன்று வாரம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படி அடிக்கடி ஏறக் கூடாது, வலி வந்து ஐந்து நிமிஷத்தில் போகாவிட்டால் அவசர எண் 911. எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார்கள். அவர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான் எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்க வேண்டாம்.

நவம்பர் 28

தூக்கம் இல்லை.

நவம்பர் 30, வியாழன்

ஜூலையில் முதல் தடவை காட்டியபோது வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பினேன், ஓமம் கொதிக்க வைத்துக் குடித்தேன். இரண்டாம் தடவை அக்டோபரில், கொலுப்படியைப் பிரிக்கும்போது, வலி முதுகுப் பக்கம் வந்ததால் நெஞ்சு என்றே நினைக்கவில்லை. மூன்றாவது கடையில், அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது.

‘ஆல் மை சில்ட்ரன்’ டிவி தொடரில் எரிக்கா கேனாக நடித்த சூசன் லூச்சிக்கும் மூன்று தடவை வந்தது. 2018 அக்டோபர். முதலில் மார்பில் ஒரு சின்ன இறுக்கம், களைப்பு என்று விட்டுவிட்டார். அப்புறம் இன்னொரு நாள் விலாவைச் சுற்றி முதுகு வரை. மூன்றாம் தடவை ஒரு துணிக்கடையில் இருக்கும்போது, மார்பின் மேல் யானை ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். கடையை நடத்துகிற அம்மாவே தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இருதயத்துப் பெரிய ரத்தக்குழாயில் 90 சதவீதம் அடைப்பு, இன்னொன்றில் 75. குழாயைத் திறந்து வைக்க இரண்டு ஸ்டென்ட். 71 வயது, தினமும் பிலாட்டீஸ் உடற்பயிற்சி செய்கிற ஒல்லியான உடம்பு, யார் சந்தேகப்படுவார்கள்? 2019 பிப்ரவரியில் டிவியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பெண்கள் தங்கள் வலியைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்காகவே சொன்னார். இந்த நாட்டில் பெண்களை அதிகம் கொல்வது இருதய நோய்தான். அந்தப் பேட்டியை நான் பார்த்தேன். அழுதுகொண்டே பார்த்தேன். பார்த்தும் ஜூலையில் ஓமம்தான் குடித்தேன்.

டிசம்பர் 2, சனி

பெரியவள் ஃபோனில் கேட்கிறாள், நாள் முழுக்க என்னம்மா பண்றே என்று. பழைய ‘ஆல் மை சில்ட்ரன்’ துண்டுகளைப் பார்க்கிறேன் என்றேன். அம்மா, இன்னுமா? என்றாள். இன்னும்தான்.

அவளுக்கு ஞாபகம் இருக்காது. 1985 குளிர்காலம், ஜெர்சி சிட்டியில் மூன்றாவது மாடி, இவள் எட்டு மாசம். அவர் காலையில் போனால் இரவு ஏழரைக்குத்தான் வருவார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக்கூட வாயில் இங்கிலீஷ் வராது. படித்த இங்கிலீஷ் வேறு, இவர்கள் பேசுகிறது வேறு. மதியம் ஒரு மணிக்கு இவளைத் தூங்க வைத்துவிட்டு ஏழாம் சேனலைப் போடுவேன். பைன் வேலி. பென்சில்வேனியாவில் இருப்பதாகச் சொல்கிற இல்லாத ஊர். ஆனால் ஜெர்சி சிட்டித் தெருக்களைவிட அந்த ஊர்தான் எனக்கு முதலில் பழகியது.

சோப் ஒபேராவில், அதாவது தினமும் மதியம் வருகிற இந்த மாதிரித் தொடர்களில், ஒரு விஷயம் உண்டு. நேற்றுப் பார்க்காதவர்களுக்காக எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்வார்கள். நடந்ததை ஒருத்தி தோழியிடம் சொல்வாள், தோழி புருஷனிடம் சொல்வாள், புருஷன் டாக்டரிடம் சொல்வான். வாக்கியத்துக்கு வாக்கியம் எதிராளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேலி செய்கிறவர்கள் இதைத்தான் கேலி செய்கிறார்கள். எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். திங்களன்று புரியாதது புதனுக்குள் புரிந்துவிடும். எரிக்கா கேன் பேசினால் மட்டும் திங்களன்றே புரியும். ஒவ்வொரு சொல்லையும் நறுக்கென்று கடித்துத் துப்புகிற மாதிரி ஒரு உச்சரிப்பு. காட்டில் கரடி எதிரே வந்தபோதுகூட, நான் எரிக்கா கேன், நீ இதைச் செய்யக் கூடாது என்று அதைப் பார்த்துக் கத்தினாளே! அன்று சாயங்காலம் அந்த வரியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று கட்டடத்து மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன்.

டிசம்பர் 3

இன்று வலி இல்லை. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். முதல் நாள் இரவு பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. நகப்பூச்சு கூடாது. நகை எதுவும் கூடாது.

எதுவும் என்றால்? எதுவும் என்றால் எதுவும்தான், மேடம்.

தாலி, கல்யாணமான நாளிலிருந்து கழுத்தை விட்டு இறங்கியதில்லை. இரண்டு பிரசவத்திலும் இறங்கவில்லை. அவரிடம் சொன்னேன். அதனால் என்ன, நான் இங்கேதானே இருக்கேன் என்கிறார். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் தெரியவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

காலையில் நன்றாக இருந்தேன். மதியம் பழைய கோபம் ஒன்று கிளம்பிவிட்டது. எழுதித் தீர்க்கிறேன்.

1973-இல் எரிக்கா கருவைக் கலைத்தாள். அந்த வருஷம் ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் அதைப் பெண்ணின் உரிமை என்று சொல்லியிருந்தது. சட்டப்படி செய்துகொண்ட கருக்கலைப்பு அமெரிக்கப் பகல் நேரத் தொடர்களில் வந்தது அதுதான் முதல் தடவை. மதியம் ஒரு மணிக்கு, துணி மடித்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு நடுவில். ஆக்னஸ் நிக்சன் எழுதிய தொடர். அவர் கதைக்குள் வியட்நாம் போர் எதிர்ப்பையே கொண்டுவந்த மனுஷி. எரிக்கா நோயாலோ வறுமையாலோ அதைச் செய்யவில்லை. அவளுக்கு மாடலிங் வேலை வேண்டும், பிள்ளை இப்போது வேண்டாம், அவ்வளவுதான். அந்தக் காட்சிகளை நடித்தபோது லூச்சிக்கு 26 வயது. பார்க்கிறவர்கள் வெறுத்துவிடுவார்களே என்று முகத்தைக் குழைத்துக்கொள்ளாமல் நடித்தார். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் முப்பது சொச்சம் வருஷம் கழித்து, அந்தக் கருவை டாக்டர் வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்துவிட்டாராம், பிள்ளை உயிரோடு வளர்ந்து நிற்கிறானாம் என்று கதையை மாற்றினார்கள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? ஒரு பெண் ஒரு காலத்தில் யோசித்து எடுத்த முடிவை நடக்கவே இல்லை என்று சொல்ல இவர்கள் யார்? அன்று டிவியை அணைத்துவிட்டு இரண்டு வாரம் போடவில்லை. மூன்றாவது வாரம் போட்டேன், எரிக்காவுக்காக.

படபடப்பாக இருக்கிறது. போதும்.

டிசம்பர் 9

அவர் பேச்சே இல்லை. தோசை வார்த்துக் கொடுத்தார். நான்கும் கருகல். நான்கையும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

சின்னவன் வந்தான். அவனோடு உட்கார்ந்து 1999 எம்மி, அந்த டிவி விருது விழாவைப் பார்த்தேன். அவனுக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

லூச்சிக்கு முதல் பரிந்துரை 1978-இல். அதிலிருந்து 18 தடவை பெயர் வாசித்து, 18 தடவை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். எரிக்காவின் மகளாக வந்த சின்னப் பெண் சாரா மிஷெல் கெல்லர், 1995-இல் இளம் நடிகைக்கான எம்மியை வாங்கிவிட்டாள். அம்மாவுக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் கேமரா அவர் முகத்துக்குத்தான் போகும், உடைகிறதா பார்ப்போம் என்று. அவர் கைதட்டிக்கொண்டிருப்பார். ஊரே அதை ஒரு ஜோக் ஆக்கியது, விளம்பரத்தில்கூட வைத்தார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்த ஜோக் ஒரு நாளும் பிடித்ததில்லை. தோற்றவர் சிரித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி.

மே 21, 1999, வெள்ளிக்கிழமை ராத்திரி. நடிகர் ஷெமார் மூர் உறையைப் பிரித்தார். தோல்வி வரிசை முடிந்தது என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பெயரைச் சொன்னார். அரங்கமே எழுந்து நின்றது. நிமிஷக் கணக்கில் கைதட்டல், அவரைப் பேச விடவில்லை. டிவி தொகுப்பாளர் ரோஸி ஓ’டானெல் அழுகிறார். நான் சமையல்கட்டில் கரண்டியோடு நின்று அழுதேன், என் வீட்டுக்காரர் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்றார்.

சின்னவன் கேட்டான், பேச்சின் கடைசியில் என்ன சொன்னாங்க என்று. திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போய் எரிக்கா கேனாக நடிக்கப்போகிறேன் என்றார். 19-ஆம் தடவை ஜெயித்த ராத்திரியிலும் திங்கட்கிழமைதான் ஞாபகம். 18 தோல்விக்குப் பிறகும் அதே திங்கட்கிழமைதானே போயிருப்பார்? லாங் ஐலண்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மன்ஹாட்டனில் மேக்கப் போட்டு, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த வசனத்தைச் சொல்லி, மறுநாளுக்கு வேறு பக்கங்கள்.

டிசம்பர் 11

இன்னும் ஒரு வாரம். திங்கள்.

டிசம்பர் 13, புதன்

பாட்டியின் அலமாரிச் சாவிக்கொத்து கனவில் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஒன்று கவனித்தேன். பழைய துண்டுகளில் ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும், வசனம் முடிந்த பிறகும் கேமரா முகத்திலேயே நிற்கும். மூன்று நான்கு நொடி. இசை ஏறும். விளம்பரம் வருகிற வரைக்கும் அந்த முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை விரிப்பார்கள், உதட்டைக் கடிப்பார்கள். லூச்சி ஒன்றும் செய்வதில்லை. மோவாயைக் கொஞ்சம், ஒரு அரிசி அளவு, மேலே தூக்குவார். மூச்சு கழுத்துக் குழியில் மட்டும் தெரியும். மூன்று நொடிக்குள் அவமானம் கோபமாக மாறுவதைப் பார்க்கலாம். பதினெட்டு துண்டு பார்த்தேன், எல்லாவற்றிலும் அந்த மோவாய்.

தொடர் ஓடியது 41 வருஷம். 1970 ஜனவரி 5 முதல் 2011 செப்டம்பர் 23 வரை. நிறுத்தப்போகிறோம் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். கடைசி எபிசோடு ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு இருட்டாகிவிட்டது. யார்மேல் பட்டது என்றே சொல்லவில்லை. 41 வருஷம் தினமும் கூட இருந்தவர்களை அப்படியா அனுப்புவது?

டிசம்பர் 14

நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். நூலாக இருந்தால் பரவாயில்லை, டேப் போட்டு ஒட்டிவிடுவோம் என்றாள். நல்ல பெண். ஃபோனை வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 15, வெள்ளி

இன்று ராத்திரி எட்டு மணிக்கு எம்மி. ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக்கால் ஜூனிலிருந்து தள்ளிப்போய் இன்று வருகிறது. லூச்சிக்கு வாழ்நாள் சாதனை விருது. படபடப்பாகும், பார்க்க வேண்டாம் என்று வீட்டில் இரண்டு பேரும் சொல்கிறார்கள். பார்க்காவிட்டால்தான் படபடப்பாகும்.

ராத்திரி 11:20. பார்த்தேன். அதே ஷெமார் மூர் வந்தார்! 24 வருஷம் கழித்து அதே ஆள், அதே பெண். லூச்சிக்கு வரும் 23-ஆம் தேதி 77 ஆகிறது. நடையைப் பார்த்தேன், மூச்சு வாங்குகிறதா பார்த்தேன். வாங்கவில்லை. அந்த மார்புக்குள்ளே இருக்கிற ஸ்டென்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன கம்பி வலை, அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 16, சனி

கணவர் ஹெல்முட் ஹூபர் இல்லாமல் வாங்கிய விருது. 1969-இல் கல்யாணம், மறு வருஷம் ஜனவரியில் தொடர் ஆரம்பம். 18 தோல்வியிலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். 2022 மார்ச்சில் போய்விட்டார். நேற்று மேடையில் அந்த ஒரு வெற்றிடம்தான் கண்ணில் பட்டது.

இவர் வாசலில் உப்புக்கல் தூவிக்கொண்டிருக்கிறார். பனியே இல்லை. எதையாவது செய்ய வேண்டும் இவருக்கு.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி ஒன்று. குனிந்து கோலம் போடக் கூடாது. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது, காற்றும். போட்டிருந்தாலும் அழிந்திருக்கும்.

பெரியவள் வந்துவிட்டாள். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தக் கரடி சீனைப் போடும்மா என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

டிசம்பர் 18, திங்கள், காலை 4:40

மழை நிற்கவில்லை. ரோட்டில் தண்ணீர் என்று ஃபோனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்கிறார்கள்.

மஞ்சளை நேற்றே குழைத்து நூலில் தடவி உலர்த்தியிருந்தேன். செயினைக் கழற்றிப் பெரியவள் கையில் கொடுத்தேன், அவள் அதை மூடிக்கொண்டு நிற்கிறாள், எங்கே வைப்பது என்று தெரியாமல். அவர் பின்னால் நின்று கயிற்றை முடிகிறார். இரண்டாம் முடிச்சு விழவே மாட்டேன் என்கிறது, விரல் நடுங்குகிறது, கண்ணாடியைக் கொண்டா என்கிறார், கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருக்கிறது. நான் மோவாயைத் தூக்கிக்கொண்டு