வங்கி வேலை, வீடு, 42 கிலோமீட்டர்

ஜனவரியில் சென்னை மாரத்தானை முழுதாக ஓடி முடித்தேன். அலுவலகத்தில் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்களுக்கு எங்கே மேடம் நேரம் கிடைக்குது?" வங்கி வேலை, பள்ளிக்கூடம் போகும் மகள், வயதான மாமியார் என்று நாள் முழுக்க ஆட்கள் என்னை எதிர்பார்க்கும் வாழ்க்கை. நியாயமான கேள்விதான்.

நேரத்தை இரவிலிருந்து எடுத்தேன். ஒன்பதரைக்குப் படுத்துவிட்டால் நான்கரைக்கு எழுவது பெரிய காரியமில்லை. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தோம். சீரியலும் படுக்கையில் போன் பார்ப்பதும் போயின. தூக்கத்தைக் குறைத்து மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடியதன் பலன் உடம்பில் ஒட்டுவதே தூங்கும்போதுதான்.

முந்தைய ஆண்டு அரை மாரத்தான் ஓடியிருந்த தைரியத்தில் ஆகஸ்டில் தொடங்கினேன். வாரம் ஆறு நாள் ஓடச் சொல்லும் அட்டவணைகள் எனக்கு ஒத்துவராது. செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டம். சனிக்கிழமை சும்மா மெதுவாகக் கொஞ்சம். ஞாயிறு நீண்ட ஓட்டம். குக்கர் விசில் வரும்வரை அடுப்படியிலேயே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி. செப்டம்பர் காலாண்டு முடிவில் செவ்வாய், வியாழன் இரண்டுமே போயின. அவற்றை மறுநாள் சேர்த்து ஓடவில்லை, விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்காக வீட்டில் வெளிப்படையாகக் கேட்டேன். ஞாயிறு காலை ஒன்பது மணி வரை வீடும் மகளும் கணவர் பொறுப்பு என்று பேசி முடிவு செய்துகொண்டோம். "பொம்பளப் பிள்ளை இருட்டுல தனியா போறதாம்மா?" என்றார் மாமியார். அவர் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. அதனால் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடும் ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, சாந்தோம் வழியாக மெரினா போய்த் திரும்புவோம். கலங்கரை விளக்கம் வரும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். தெருநாய்களும் கூட்டமாக வருபவர்களை அவ்வளவாகத் துரத்துவதில்லை.

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைத் தள்ளும். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருப்பதால் உடம்பு குளிர்வதில்லை, இதயத் துடிப்பு ஏறிவிடும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்ப்பதை விட்டேன். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதுதான் கணக்கு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகலாம், அது ஆபத்து. இடுப்புப் பையில் ஓஆர்எஸ் கலந்த பாட்டில் எப்போதும் இருக்கும்.

சாப்பாட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். தசையிலும் கல்லீரலிலும் எரிபொருளாகச் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை பலருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும். அப்புறம் கால் நகராது. அதைத் தள்ளிப்போட மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். முதலில் கடலை மிட்டாய் எடுத்துப் போனேன். இருபதாவது கிலோமீட்டரில் வாய் வறண்டு, மிட்டாய் பல்லில் ஒட்டி, மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நன்றாக இறங்கியது. கடைசியில் பேரீச்சையும், ஓடுபவர்களுக்கென்று பாக்கெட்டில் வரும் மாவுச்சத்து ஜெல்லும் மாற்றி மாற்றி என்று முடிவானது. இதையெல்லாம் நீண்ட ஓட்டங்களிலேயே சோதித்துவிட வேண்டும். போட்டி நாளன்று புதிதாக எதையும் வாயில் வைக்கக்கூடாது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் எது, திறந்த மேன்ஹோல் எது என்று தெரியாது, அங்கே ஓடுவது வீரமில்லை. அந்த நாட்களில் அடுக்ககத்து ஜிம்மில் டிரெட்மில். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைப்பது மகளின் வேலை. ஆசையாகச் செய்வாள். டிசம்பர் நடுவில் 32 கிலோமீட்டர் ஓடினேன், அதுதான் உச்சம். அதன்பின் மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

போட்டியன்று ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே பிரித்துக்கொண்டேன். முப்பதாவது கிலோமீட்டர் வரை அந்தக் கணக்கு தவறவில்லை. முப்பத்தைந்தாவது கிலோமீட்டருக்குமேல் வெயில் ஏறியது, கெண்டைக்கால் இழுத்தது, நடை கூடியது. ஆனால் நிற்கவில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுதுவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக்கொடுத்திருந்தேன். முதல்முறை ஓடுபவர்கள் அதையும் மறக்காதீர்கள். மாடிப்படி ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் தொடைவலி கொஞ்சம் குறையும்.