ஃபேன் ஓடுகிறது, சூடு வரவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு போன் அலறியது. 2024 ஜனவரி 13. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தால், அவசர எச்சரிக்கை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க அந்த நிமிடம் எல்லார் போனும் அப்படித்தான் கத்தியிருக்கும். கடும் குளிரால் மின்தேவை எகிறிவிட்டது, அத்தியாவசியத்துக்கு மட்டும் மின்சாரம் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்த வேண்டி வரலாம் என்று செய்தி.

படித்ததும் எனக்கு உடுமலைப் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனது போல இருந்தது. 2012-ஐ மறக்க முடியுமா? பாதி நாளுக்கு மேல் கரண்ட் இருக்காது. கோவையில் லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். கரண்ட் வரும் நேரத்துக்குத் தக்கபடி தூங்கி எழுந்து, ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின் ஓட்டியிருக்கிறோம். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் 'அணையுங்கள்' என்று கேட்கிறார்கள் என்றால் நிலைமை கஷ்டம்தான்.

நான் இருப்பது ஒரு ட்ரெய்லர் வீட்டில், வண்டியில் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு அது. எட்மண்டனுக்குத் தெற்கே, நிஸ்கு தொழிற்பேட்டையில் வேலை. எண்ணெய்க் கிணறுகளுக்கான உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை. மனைவியும் பாப்பாவும் ஊரில் இருக்கிறார்கள், விசா வரவேண்டும். வாடகையில் போகிற பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 26 அடி நீள ஆர்.வி. (இந்த மாதிரி வீட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, இவற்றை நிறுத்துவதற்கென்றே இருக்கும், குளிர்காலத்திலும் திறந்திருக்கும் ஒரு முகாமில் நிறுத்தியிருக்கிறேன். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் இருபத்தாறு அடிக்குள். பெரியவர்கள் பார்த்தால் 'டவுன் பஸ்ஸுக்குள் குடித்தனமா?' என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்த வீடு.

எச்சரிக்கையைப் படித்ததும் பிளக் ஹீட்டரைப் பிடுங்கினேன். சிலிண்டருக்குச் சுற்றியிருந்த மின்போர்வையையும் பிடுங்கினேன். அப்படியும் மனசு ஆறவில்லை, சுவரில் இருக்கும் பேனலைத் திறந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினேன். சூட்டுக்கு ஃபர்னஸ் இருக்கிறது, அது கேஸில் ஓடுகிறது, அதற்கு எதற்குக் கரண்ட் என்பது என் எண்ணம். சில நிமிடங்களில் மாகாணம் முழுக்கச் சேர்ந்து சுமார் 200 மெகாவாட் குறைந்ததாக மறுநாள் செய்தியில் சொன்னார்கள். எங்கேயும் கரண்ட் போகவில்லை. முகம் தெரியாத லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒரு ஆள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த நினைப்போடு போர்வைக்குள் போய்ப் படுத்தேன்.

மூன்று மணிக்கு மூக்கு நுனி வலித்து விழிப்பு வந்தது.

ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. தரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் கை வைத்தேன். காற்று வருகிறது, பச்சைத் தண்ணீர் மாதிரி வருகிறது. உள்ளே 6 டிகிரி. வெளியே மைனஸ் 36. ஜன்னல் ஓரத்தில் வழிந்த ஈரம் கண்ணாடியோடு உறைந்து, கட்டில் பக்கத்துச் சுவரின் ஸ்க்ரூ தலை ஒவ்வொன்றிலும் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இப்படியே போனால் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். அந்தக் குழாய்களையும் தொட்டியையும் உறையாமல் காப்பதே இந்த ஃபர்னஸ் காற்றுதான்.

முதல் சந்தேகம் கேஸ் மேல். காரணம் இருக்கிறது. பக்கத்து ட்ரெய்லரில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒரு பெரியவர் இருக்கிறார், முதல் வருஷமே எனக்குப் பாடம் எடுத்தவர். புரோபேன் மைனஸ் 42-ல்தான் கொதித்து ஆவியாகும். வெளிக்குளிர் அதற்குப் பக்கத்தில் போகப் போக சிலிண்டருக்குள் அழுத்தம் வற்றிக்கொண்டே வரும். அதனால்தான் அந்த மின்போர்வை. நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டரில் புரோபேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அந்தச் சிலிண்டரை இங்கே கொண்டுவந்து வைத்தால் பியூட்டேன் தை மாசம் முழுக்கத் திரவமாகவே அடியில் கிடக்கும். இதைக் கேட்டபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. மார்கழிக் காலையில், கேஸ் தீரப்போகிறது என்றால் அம்மா சிலிண்டரைச் சுடுதண்ணீர் ஊற்றிய தட்டத்தில் நிறுத்தி வைப்பாள், இன்னும் இரண்டு நாள் எரியும். அம்மாவுக்கு பியூட்டேன் என்று ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

கேஸ் வருகிறதா என்று பார்க்கச் சமையல் அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக, கொஞ்சம் சின்னதாக எரிந்தது. அந்தச் சூட்டில் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் கூடாது. மூடிய ட்ரெய்லருக்குள் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்ந்து, கார்பன் மோனாக்சைடில் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. அதற்கு வாசம் கிடையாது, கண்ணும் எரியாது. ட்ரெய்லரில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தச் சின்ன அலாரத்தின் பேட்டரியை இன்றைக்கே பாருங்கள். நான் அடுப்பை அணைத்தேன்.

அடுத்து வெளிப்பக்கம். ஃபர்னஸின் புகைத் துவாரம் பனியில் அடைத்திருக்கலாம். கோடையில் குளவி மண்கூடு கட்டி அடைப்பதும் இங்கே சகஜம், அதற்காகவே கம்பி வலை போட்டிருக்கிறேன். (ஊரில் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்று யாரும் கலைக்க மாட்டார்கள். இங்கே கலைக்காமல் விட்டால் ஃபர்னஸ் எரியாது.) பூட்ஸ், மூன்று அடுக்கு உடை, டார்ச். கதவைத் திறந்த உடனே மூக்குக்குள் முடி விறைத்தது. இமையில் பனி கோத்தது. துவாரம் சுத்தமாக இருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது, அதாவது வெகுநேரமாக எரியவே இல்லை.

உள்ளே வந்து ஃபர்னஸ் மூடியைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். இந்த மெஷின் வேலை செய்கிற வரிசை எனக்கு அத்துப்படி. முதலில் ஃபேன் ஓடும். மிச்சம் மீதி கேஸ் இருந்தால் வெளியே தள்ளுவதற்காகச் சில விநாடி அப்படியே ஓடும். அந்தக் காற்றின் வேகத்தில் உள்ளே ஒரு தகடு சாயும். அரச இலை மாதிரி மெல்லிசான தகடு, செயில் ஸ்விட்ச் என்று பெயர். அது சாய்ந்து ஒட்டினால்தான் ஃபர்னஸை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு நம்பும், 'சரி, காற்று ஒழுங்காகப் போகிறது' என்று கேஸைத் திறந்து பொறி விடும். டிக் டிக் டிக் என்று கேட்கும், அப்புறம் 'புஃப்'. டிக் கேட்டும் பற்றவில்லை என்றால் கேஸ் பக்கம் பார்க்கவேண்டும். எனக்கு அந்த டிக்கே கேட்கவில்லை. இலை சாயவில்லை என்று அர்த்தம். தூசி, முடி சிக்கியிருக்கும் என்று டூத் பிரஷ்ஷால் துடைத்தேன். தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டின் அளவை வைக்கும் ஸ்விட்சை, அணைத்துத் திரும்பப் போட்டேன். ஃபேன் ஓடியது, டிக் இல்லை. மறுபடி துடைத்தேன். ஸ்க்ரூடிரைவர் விரலில் ஒட்டி ஒட்டி வந்தது.

அந்த நேரத்தில்தான் வீடியோ காலில் அப்பா. இங்கே மூணே கால் என்றால் ஊரில் மூணே முக்கால், பிற்பகல். ஜனவரி 14, போகி. எங்கள் பக்கம் அன்றைக்குக் காப்புக் கட்டு. அப்பா கையில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் கொத்தாக இருந்தன. தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் தென்னை. வெயில் அடித்த வெள்ளையில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் எழுந்ததும் பார்க்கட்டும் என்று பூவைக் காட்டிப் பேசி வீடியோ எடுத்து அனுப்பப் போய், கை தவறி வீடியோ கால் போட்டுவிட்டார்.

"ஏங் கண்ணு, இந்நேரத்துக்கு முழிச்சிருக்கற?"

"அடுப்பு பத்த மாட்டேங்குதுங்கப்பா. சூடு பண்ற மிஷின்."

"கேஸ் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஃபேனும் ஓடுது. பத்த மட்டும் மாட்டேங்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். "அந்தச் சத்தத்தக் காட்டு."

போனை ஃபர்னஸ் வாயில் பிடித்தேன். நாற்பது வருஷமாகக் கிணற்று மேட்டில் மோட்டார் சத்தம் கேட்டு வளர்ந்த காது அது. வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே, 'தண்ணி எடுக்குது', 'காத்து வாங்குது', 'ஒரு பேஸ் போயிருச்சு' என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவார். மோட்டார் உறுமும் ஒலியிலிருந்தே காயில் எரியப்போகிறதா என்று தெரியும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"எளச்சு ஓடுது கண்ணு," என்றார். "சீரில்ல. லோ வோல்டேஜு. கரண்டு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஃபேன் ஓடுவதைக் கேட்டேன், ஓடும் வேகத்தைக் கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரி முனையில் வைத்தேன். 10.4. நல்ல பேட்டரி என்றால் 12.6 காட்டவேண்டும். அண்ணாந்து பார்த்தேன், தலைக்கு மேலே விளக்கு எலுமிச்சை நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ட்ரெய்லர் விளக்கும் ஃபர்னஸ் ஃபேனும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. வெளிக் கரண்டை வாங்கி அந்தப் பேட்டரிக்கு ஊட்டுகிற கன்வெர்ட்டரின் பிரேக்கரை, ஊரோடு ஒத்துழைக்கிறேன் என்று நான்தான் ஏழு மணிக்குக் கீழே தள்ளியிருந்தேன். பிளக் ஹீட்டரும் இல்லாததால் ஃபர்னஸ் ஒற்றை ஆளாக எட்டு மணி நேரம் ஓயாமல் ஓடியிருக்கிறது. வெளியே முன்பக்கத்தில் கட்டியிருக்கும் ஈயப் பேட்டரி மைனஸ் 36-ல் பாதிச் சக்திகூடத் தராது. அதனால் ஃபேன் தளர்ந்தது, இலை சாயவில்லை, போர்டு கேஸைத் திறக்க மறுத்தது. மறுத்தது சரிதான். காற்று போகாமல் தீ மூட்டியிருந்தால் அது வேறு கதை.

பிரேக்கரை மேலே தள்ளினேன். கன்வெர்ட்டர் 'ம்ம்' என்று முனகியது. விளக்கு வெளுத்தது. தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஐந்து நிமிடம் பேட்டரிக்குக் கொடுத்து, திரும்பப் போட்டேன். மீட்டரில் 12.9. ஃபேன் இந்தத் தடவை வேறு குரலில் எழும்பியது, எனக்கே வித்தியாசம் கேட்டது. போனைத் தரையிலேயே வைத்திருந்தேன். நானும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை. போனிலிருந்து காக்கைச் சத்தம் மட்டும் வந்தது.

டிக். டிக். டிக். புஃப்.

"எடுத்துருச்சு கண்ணு!" என்றார் அப்பா. கிணற்றில் தண்ணீர் ஏறிக் குழாயில் கொட்டும்போது சொல்கிற அதே வார்த்தை.

எனக்குப் பேச்சு வரவில்லை. துவாரத்தில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு குளிர்காலம் பார்த்தாயிற்று, பழகிவிட்டது என்று ஊரில் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அந்தச் சூட்டில் எனக்கு வந்தது பூளைப்பூ வாசம். பூளைப்பூவுக்கு அப்படி ஒன்றும் வாசம் கிடையாது, புல் வாசம்தான். பறிக்கப் போனால் முழங்கால் வரை முள் கீறும், அப்பா முன்னால் நடப்பார், நான் கூடையோடு பின்னால். கூரை எறவானம், மாட்டுக் கொட்டகை, களம் என்று ஒவ்வொரு இடமாகச் செருகிக்கொண்டே வந்து, கடைசியில் மோட்டார் ரூமுக்கு வருவோம். அங்கே மட்டும் கொத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

"மூடிப் படுத்துக்கோ. பொழுது சாயறதுக்குள்ள நான் கட்டோணும்," என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததும் புதுப் பேட்டரி வாங்கினேன். பேனலில் கன்வெர்ட்டர் பிரேக்கருக்குச் சிவப்பு டேப் ஒட்டி, தமிழில் 'தொடாதே' என்று எழுதினேன். அன்று சாயங்காலமும் எச்சரிக்கை வந்தால் எதை எதை அணைக்கலாம் என்று ஒரு தாளில் வரிசை போட்டுச் சுவரில் ஒட்டினேன். நியூஃபவுண்ட்லாந்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்பே, விடியற்காலை ஆறு மணிக்கு, அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. மோட்டார் ரூம் கதவு நிலை, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். நிலையில் ஒன்றுக்கு இரண்டு கொத்து. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு உன்ற அடுப்புக்கு," என்று குரலில் அனுப்பியிருந்தார்.