ஆட்டுச் சொறிக்கு இரண்டாவது ஊசியை விட்டுவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேய்ச்சலுக்கு விட வழியில்லாமல் ஆடுகளைக் கொட்டகையிலேயே நெருக்கி அடைக்கிறோம் இல்லையா, டெல்டாவில் சொறி பரவ அதுவே போதும். மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் போன மழைக்காலத்திலும் இதே கதைதான்.

முதலில் மூக்கு, கண் ஓரம், காது நுனி இங்கேதான் முடி கொட்டும். தவிடு தூவியது போலச் செதில், அப்புறம் தோல் தடித்துச் சுருங்கிப் பொருக்குக் கட்டும். ஆடு தூணில் தேய்த்துக்கொண்டே நிற்கும், தீனி இறங்காது, இளைத்துப் போகும். இதைச் சத்துக்குறைவு என்று நினைத்துப் பிண்ணாக்கை அதிகமாக்குகிறவர்கள் நிறையப் பேர். காரணம் சார்கோப்டிஸ் என்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணி. பெண் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி அங்கேயே முட்டையிடும், 3 முதல் 5 நாளில் குஞ்சு வெளியே வரும், 2, 3 வாரத்தில் அதுவும் முட்டையிடத் தயாராகிவிடும்.

டாக்டர் போடும் ஐவர்மெக்டின் ஊசி உயிரோடு இருக்கிற உண்ணியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால்தான் சுமார் 2 வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். ஆனால் முதல் ஊசியிலேயே அரிப்பு அடங்கி ஆடு நன்றாக மேய ஆரம்பித்ததும் நம் ஆட்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதமே பழையபடி சொறி வந்து நிற்கும்போது மருந்தில் கலப்படம் என்று பேச்சு. இன்னொன்று, புண் தெரிகிற ஆட்டுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை, கூட அடைகிற அத்தனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும். கறவை ஆடோ சினை ஆடோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மருந்து பாலில் இறங்கும், எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து டிராக்டர் கழிவு ஆயிலைத் தடவாதீர்கள். வெந்த தோலோடு குட்டிகள் துடிக்கிறதைப் பார்க்க முடியவில்லை, நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். வேப்பெண்ணெய் தடவுவது பொருக்கை இளக்கும், அதை மட்டும் நம்பி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து போட்டும் சொறி போனதா என்று சந்தேகம் இருந்தால் புண்ணின் ஓரத்தில் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தானே.

பொங்கலுக்கு அப்புறம் சந்தையில் குட்டி வாங்குகிறவர்கள் 3, 4 வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள். குட்டியைத் தூக்கிய கையில் சிவந்து அரித்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த உண்ணி மனிதத் தோலிலும் கொஞ்ச நாள் கடிக்கும்.